மார்க்குக்கு முன்னால் தூக்கம்

விடிய விடியப் படிக்கிற பிள்ளைக்கு நம் ஊரில் தனி மரியாதை உண்டு. பிளஸ் டூ பிள்ளை இருக்கிற வீட்டில் டிவி ஓடாது. விருந்தாளிகள் தங்க மாட்டார்கள். ஃபிளாஸ்க்கில் டீ போட்டு மேசைமேல் வைத்துவிட்டுத்தான் அம்மா படுப்பாள். தூக்கத்தைக் குறைத்தவன் முன்னேறுவான் என்பதில் நம்மில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. நான் திருச்சியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். இந்த நம்பிக்கையில்தான் எங்கள் தொழிலே நடக்கிறது.

எங்கள் வீட்டில் மட்டும் ராத்திரி மூன்று மணிக்கு லைட் எரிந்தால் வயிற்றைக் கலக்கும். என் மகளுக்கு பைபோலார். மனம் சில காலம் அளவுக்கு மீறி மேலே ஏறும், சில காலம் அடிமட்டத்துக்கு இறங்கும், நடுவில் எல்லோரையும் போலச் சமநிலையிலும் இருக்கும். அவள் இப்போது இன்ஜினீயரிங் முடித்து வேலைக்குப் போகிறாள். "எப்படிங்க முடிச்சா?" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருப்பது ஒரே பதில்: தூங்கி முடித்தாள். பெயரைப் போடாமல் மற்றதை எழுதிக்கொள்ளலாம் என்று அவளே சொன்னதால் எழுதுகிறேன்.

நோய் முதலில் நோய் மாதிரியே வரவில்லை. பிளஸ் ஒன் காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு மெல்ல மெல்ல ஒடுங்கிப்போனாள். குளிக்க மாட்டாள், தலை வார மாட்டாள். தட்டில் வைத்த தோசை காய்ந்து விறைத்துக் கிடக்கும். வயசுக் கோளாறு என்றார்கள், செல்போன் என்றார்கள், ரத்தசோகை என்றார்கள். சத்து மாத்திரை கொடுத்தோம், தைராய்டு பார்த்தோம். பிறகு ஒரு டாக்டர் மனச்சோர்வு என்று சொல்லி மருந்து கொடுத்தார். அவர் சொன்னதில் தவறில்லை. பைபோலார் பலருக்கு டிப்ரஷனாகத்தான் முதலில் தலைகாட்டும். மேலே ஏறுகிற கட்டத்தைப் பார்க்கும்வரை வித்தியாசம் சொல்வது கடினம். இந்த நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு அதுவே மேலே தூக்கிவிடும் என்பதும் உண்மை. எங்கள் பிள்ளைக்கு அதனால் வந்ததா, தானாக வந்ததா என்று இனிமேல் ஆராய்ந்து பயனில்லை.

பிளஸ் டூ தொடங்கியதும் ஆளே மாறிவிட்டாள். காலை நான்கு மணிக்கெல்லாம் எழுந்து படிக்கிறாள் என்று வீடே மகிழ்ந்தது. பிறகுதான் தெரிந்தது, அவள் எழவில்லை, படுக்கவே இல்லை. தெருப் பிள்ளைகளை எல்லாம் விடியற்காலையில் கூப்பிட்டு மொட்டை மாடியில் இலவச டியூஷன் எடுத்தாள். முதல் நாள் பக்கத்து வீட்டுக்காரர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டினார்கள். அடுத்த நாள் ஐந்து மணிக்கே கதவைத் தட்டினாள். அதற்கடுத்த நாள் மூன்று மணிக்கு. பேச்சு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி ஓடியது. நாங்கள் ஒரு வார்த்தை குறுக்கே விட முடியவில்லை. என் கணவருக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. ஒரு நாள் காலையில் ஒர்க்‌ஷாப் சங்கு ஊதியபோது, "கேட்டீங்களாப்பா, நான் ரெடியாயிட்டேன்னு ஊருக்குச் சொல்றாங்க" என்றாள். அவர் கையில் இருந்த டிபன் பாக்ஸைக் கீழே வைத்தார். அன்றைக்கு அவர் வேலைக்குப் போகவில்லை.

மனநல மருத்துவர் முதலில் கேட்டது மார்க்கையோ காதலையோ பற்றி அல்ல. "எத்தனை மணி நேரம் தூங்குறா?" என்று கேட்டார். அடுத்த கேள்விதான் எனக்குப் பாடம்: "தூங்காததால களைப்பா இருக்காளா?" பரீட்சைக்காகக் கண்விழிக்கிற பிள்ளை மறுநாள் முதல் பீரியடிலேயே பெஞ்சில் தலை சாய்த்துவிடும். மேனியாவில், அதாவது மனம் மேலே ஏறிய கட்டத்தில் இருக்கிற பிள்ளைக்குக் களைப்பே தெரியாது. இரண்டு மணி நேரம் படுத்தாலே போதும் என்று துள்ளும். வகுப்பறையில் இத்தனை காலம் நின்றும் இந்த வித்தியாசத்தை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வீட்டுக்கு வந்ததும் என் மாமியார் குணசீலம் போக வேண்டும் என்றார். திருச்சிப் பக்கத்தில் மனநோய் என்றால் எல்லோர் வாயிலும் வருகிற ஊர் அது. பெருமாள் சந்நிதியில் ஒரு மண்டலம் தங்கித் தீர்த்தம் வாங்கிக்கொள்வது பழைய வழக்கம். என் கணவருக்கோ ஏர்வாடி ஞாபகம் வந்துவிட்டது. 2001 ஆகஸ்டில் அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்ததை அவர் மறக்கவே இல்லை. கடைசியில் குணசீலத்துக்குக் குடும்பமாகப் போய்ச் சேவித்துவிட்டு அன்று சாயங்காலமே திரும்பிவிட்டோம். டாக்டர் கொடுத்த லித்தியம் மாத்திரை டப்பா என் கைப்பையில் இருந்தது. மாமியார் கணக்கில் அவளைக் குணப்படுத்தியவர் பெருமாள். என் கணக்கில் லித்தியம். அந்தச் சண்டையை நாங்கள் இன்றுவரை போடவில்லை.

லித்தியம் தனிம அட்டவணையில் மூன்றாவது. ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் 1949-இல் அதை மேனியாவுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். இன்றைக்கும் இந்த நோய்க்கு முதல் வரிசை மருந்துகளில் அது ஒன்று. வால்புரோயேட் என்று இன்னொரு மருந்து இருக்கிறது. பின்னால் கருத்தரித்தால் சிசுவைப் பாதிக்கும், சினைப்பைக் கட்டிகளும் வரலாம் என்பதால் வயதுப் பெண்ணுக்கு அது வேண்டாம் என்று டாக்டர் விளக்கினார். லித்தியத்துக்கு அளவுதான் எல்லாம். ரத்தத்தில் பொதுவாக 0.6-லிருந்து 1.0-க்குள் நிற்க வேண்டும், 1.5-ஐத் தாண்டினால் நஞ்சாகிவிடும். இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். கூடவே தைராய்டையும் சிறுநீரகத்தையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும்.

இவையெல்லாம் டாக்டர் சொல்லித் தெரிந்தவை. சமையல்கட்டுக்கு வந்தபோதுதான் அதன் கனம் புரிந்தது. உப்பைத் திடீரென்று குறைத்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். தண்ணீர் குடிக்காவிட்டாலும் ஏறும். வாந்தி பேதி வந்தாலும், திருச்சி கத்திரி வெயிலில் வேர்த்துக் கொட்டினாலும் ஏறும். பத்தியம், ஏகாதசிப் பட்டினி எல்லாம் அவளுக்கு இல்லை என்றாயிற்று. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது இன்னொன்று. மாதவிலக்கு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் கொடுக்கிற மாத்திரைகளில் பலவும், புரூஃபென் வகை வலி மாத்திரைகளும் லித்தியத்தை உடம்பில் தங்க வைத்துவிடும். எந்த ஹாஸ்டலிலும் தோழிகள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிற மாத்திரை அது. "வலிச்சா பாரசிட்டமால், இல்லாட்டி வெந்நீர் ஒத்தடம், வேற எதுவா இருந்தாலும் டாக்டரைக் கேட்டுட்டு" என்பதை அவள் தன் பென்சில் டப்பாவுக்குள் எழுதி ஒட்டிக்கொண்டாள்.

இனி நான் வெளியே சொல்லாத ஒன்று. லித்தியம் பிடிக்க ஆரம்பித்ததும் அவள் அமைதியானாள், எடை போட்டாள், அடிக்கடி தண்ணீர் கேட்டாள், கணக்கை மெதுவாகப் போட்டாள். எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். எனக்கோ மொட்டை மாடியில் நின்று பாடம் நடத்திய அந்தப் பெண்மேல் ஏக்கமாக இருந்தது. கண் மின்ன, கை வீசி, ஒரு கணக்குக்கு மூன்று வழி சொன்னாளே, அவள் எங்கே போனாள்? நோயைப் போய் ஒரு தாய் தேடுவாளா என்று என்னையே வெறுத்தேன். டாக்டரிடம் ஒரு நாள் சொல்லிவிட்டேன். அவர் அதிர்ச்சியடையவில்லை. நோயாளிகளே அந்த ஏற்றத்துக்கு ஏங்கித்தான் பல நேரம் மாத்திரையை நிறுத்துகிறார்கள், வீட்டில் இருப்பவர்களுக்கும் ஏக்கம் வருவது இயல்பு என்றார். அந்த ஏக்கம் மட்டும் அவள் காதில் விழக் கூடாது என்றும் சொன்னார். அதன் பிறகு "முன்னெல்லாம் எவ்வளவு வேகமா போடுவே" என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

பிளஸ் டூ மார்க் சுமாராகத்தான் வந்தது. கவுன்சலிங்கில் ஒரு தனியார் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் பிரிவு கிடைத்தது. மேனியாவைக் கிளப்பிவிடுகிற காரணங்களில் தூக்கம் கெடுவது முக்கியமானது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால், மார்க்குக்கு இலக்கு வைக்காமல் படுக்கைக்கு இலக்கு வைத்தோம். பத்தரைக்கு விளக்கு அணைய வேண்டும், காலையில் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கும் பரீட்சைக்கு முந்தின நாளுக்கும் அதே சட்டம். இரவு பஸ் பயணம் இல்லை. கல்யாணத்துக்கு ரிசப்ஷனுக்குப் போய்விட்டுத் திரும்பிவிடுவோம். அதிகாலை முகூர்த்தத்துக்கு நிற்காததால் வந்த மனஸ்தாபங்கள் இன்னும் தீரவில்லை. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் பார்க்கக் கண்விழித்துப் போகிற வழக்கத்தை விட்டோம். சிவராத்திரியும் போயிற்று. சாமி கோபித்துக்கொள்ளாது என்பதில் எனக்கு உறுதி இருந்தது. உறவினர்கள் விஷயத்தில் அந்த உறுதி இல்லை.

ராத்திரி உட்கார்ந்து படிக்க முடியாது என்றால் பாடத்தைப் பரப்பிப் படித்தே ஆக வேண்டும். பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னால் புத்தகத்தைத் திறக்கிற பழக்கம் இன்ஜினீயரிங் கல்லூரிகளில் ஊறிப்போனது. அவளுக்கு அந்த வசதி இல்லாததால் அன்றாடம் நடத்தியதை அன்றாடம் முடித்தாள். இந்த நோய் அவளுக்குக் கொடுத்த ஒரே நல்ல பழக்கம் அது.

முதலாண்டில் பெரிய தலைவலி டிராயிங். லித்தியத்தால் கை லேசாக நடுங்கும். சாப்பிடும்போது தெரியாத நடுக்கம், மினி டிராஃப்டரை வைத்துக் கோடு இழுக்கும்போது பூதாகரமாகத் தெரியும். நேராக வர வேண்டிய கோடு சிற்றெறும்பு ஊர்ந்த தடம் மாதிரி வரும்; அழித்து அழித்து ஷீட்டே கிழியும். டாக்டர் நடுக்கத்துக்கு ஒரு சின்ன மாத்திரை சேர்த்தார். அப்போதுதான் வகுப்பு ஆலோசகரிடம் விஷயத்தைச் சொல்வதா வேண்டாமா என்ற கேள்வி வந்தது. ஒருவரைச் சித்தம் கெட்டவர் என்று கேலி செய்ய 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப் பெயரையே நாம் பயன்படுத்துகிறோம். 1794-இலிருந்து சென்னையில் நோயாளிகளைப் பார்த்துவருகிற அரசு மனநல மருத்துவமனை நம்மிடம் வாங்கிய பட்டம் அது. எங்கள் ஆசிரியர் அறையிலேயே அந்தக் கேலி தினமும் கேட்கும். எனக்கு யாரிடமும் சொல்ல மனமில்லை. அவள்தான் முடிவெடுத்தாள்: எல்லோருக்கும் சொல்ல வேண்டாம், ஆலோசகருக்கும் ஒரு தோழிக்கும் மட்டும் சொல்வது. அந்த ஆலோசகர் பெரிய சலுகை எதுவும் செய்யவில்லை. தேர்வறையில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளவும் கழிப்பறைக்குப் போய்வரவும் தடையில்லாமல் பார்த்துக்கொண்டார். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருக்கிறது. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் இருந்தால் அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் 5 சதவீத இடஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம். அவள் அந்தச் சான்றிதழுக்குப் போகவில்லை. வாங்குகிற பிள்ளைகளைக் குறைவாக நினைக்கவும் இல்லை. தேவைப்படுகிறவர்கள் கூச்சப்படாமல் வாங்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் தோழிகளோடு சினிமாவுக்குப் போய்வந்து, கதையை நடித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் சிரிக்காமல் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன் போலிருக்கிறது. சட்டென்று நிறுத்தினாள்.

"அம்மா, நான் சந்தோஷமா இருந்தாலே உங்களுக்கு பயம் வந்துடுது. நான் அழுதா டிப்ரஷனான்னு பாக்குறீங்க, சிரிச்சா மேனியாவான்னு பாக்குறீங்க. நான் எப்பதான் நானா இருக்கிறது?"

எனக்குப் பதில் வரவில்லை. என் கணவர்தான் சொன்னார்: "பாப்பா, நீ எவ்வளவு வேணா சிரி. சிரிச்சிட்டு வழக்கம்போலத் தூங்கிட்டா அது சந்தோஷம். தூக்கம் வரலைன்னா எங்ககிட்ட சொல்லு. அவ்வளவுதான்." ஒர்க்‌ஷாப் மனிதர், அளவுகோல் இல்லாமல் எதையும் பேச மாட்டார். அன்றிலிருந்து அவள் முகத்தைப் படிப்பதை நான் விட்டேன். ஒரு சின்ன டைரியில் படுத்த நேரம், எழுந்த நேரம் இரண்டை மட்டும் அவளே குறித்துவைத்தாள். டாக்டரிடம் போகும்போது அந்த டைரி என் ஆயிரம் கவலைகளைவிடத் தெளிவாகப் பேசியது.

அப்படியும் விழுந்தாள். கல்லூரிக் கலைவிழா ஒத்திகை என்று சில ராத்திரிகள் போயின. இனி மாத்திரை தேவையில்லை என்று அவளுக்கே தோன்றி ரகசியமாக நிறுத்தியும் இருந்தாள். மேலே ஏறியது சீக்கிரம் அடங்கியது. பின்னால் வந்த இறக்கம் நீண்டது. "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்று ஒரு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அன்று முதல் மாத்திரைகள் என் பீரோவுக்குள் போயின. நாங்கள் மாற்றி மாற்றி அவள் அறையிலேயே படுத்தோம். இந்த வார்த்தையைப் பிள்ளை சொன்னால் ஆறுதல் சொல்லி விட்டுவிடக் கூடாது, அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். போனோம். ராத்திரி நேரத்தில் யாரும் கிடைக்காவிட்டால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

வருகைப்பதிவு போய்விட்டது. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீதம் வேண்டும். மருத்துவச் சான்று கொடுத்தால் 65 வரை இறங்கிவருவார்கள். அவள் அதற்கும் கீழே இருந்தாள். படிப்பே போச்சு என்று நான் உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், போனால் போகட்டும், பிள்ளை உயிரோடு இருந்தால் போதும் என்றுதான் என் மனம் கிடந்தது. விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டியது அவள் தோழி. ஒரு முறை, ஓராண்டு வரை, முறையாக அனுமதி வாங்கிப் படிப்பை நிறுத்திவைக்கலாம். நான்கு ஆண்டுப் படிப்பை 7 ஆண்டுக்குள் முடித்தால் போதும். எழுதிக் கொடுத்தோம். ஒரு வருடம் பின்தங்கி, ஜூனியர்களோடு உட்கார்ந்து மறுபடி தொடங்கினாள். "அரியர் அக்கா" என்று கூப்பிட்டார்களாம். அவளுக்கு வருத்தமில்லை. "பேட்டரிக்கு லித்தியம், அக்காவுக்கும் லித்தியம்" என்று ஒரு பையனிடம் அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அவளுக்கு 18 வயது ஆனதுமே டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்ல ஆரம்பித்திருந்தார். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது: சிகிச்சையைப் பற்றி முடிவு செய்யும் உரிமை முதலில் நோயாளிக்கு. தன்னால் முடிவெடுக்க முடியாத நேரத்தில் யார் பேச வேண்டும் என்று முன்கூட்டியே ஒருவரை நியமித்து வைக்கவும் அதில் வழியிருக்கிறது. அவள் அப்பா பெயரை எழுதினாள். ராத்திரி பகல் பார்த்தவள் நான், எனக்குச் சுருக்கென்றது. கேட்டேவிட்டேன். "நீங்க பதறுவீங்கம்மா. அப்பா முதல்ல காபி போட்டுக் குடிச்சிட்டு அப்புறம் டாக்டருக்கு போன் பண்ணுவாரு" என்றாள். மறுக்க முடியவில்லை.

மூன்றாம் ஆண்டில் பீரோ சாவியைக் கேட்டாள். டாக்டரிடம் பேசிவிட்டு, ஒரு வாரத்துக்கான மாத்திரையை மட்டும் ஏழு அறை டப்பாவில் போட்டுக் கொடுத்தோம். பிறகு ஒரு மாதத்துக்கு. பிறகு ரத்தப் பரிசோதனைத் தேதியை அவளே செல்போனில் போட்டுக்கொண்டாள். காவலை ஒரே நாளில் விலக்கியிருந்தால் அவள் தடுமாறியிருப்பாள். விலக்காமலே இருந்திருந்தால் பட்டம் வாங்கிய பிறகும் என் பீரோச் சாவியை நம்பித்தான் இருந்திருப்பாள்.

2015-16 தேசிய மனநல ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய இருநூறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வருகிறது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே வருவதில்லை. பள்ளி வயதின் பிற்பகுதியிலும் கல்லூரி வயதிலும்தான் பலருக்கு இது தொடங்குகிறது. ஆகவே என் வகுப்புகளில் அப்படி ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கவே மாட்டாள் என்று என்னால் இனி எண்ண முடியாது. பெற்றோர் வந்தால் மார்க்குக்கு முன்னால் தூக்கத்தைக் கேட்கிறேன். சிலர் என்னை விநோதமாகப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

பட்டம் வந்த அன்று இனிப்பு கொடுத்தோம். ஆனால் வெற்றி என்று நான் எண்ணுவது அதற்கு முன்பே நடந்துவிட்டது. கேம்பஸில் அவளுக்கு இரண்டு வேலை கிடைத்தன. ஒன்றில் சம்பளம் அதிகம். அமெரிக்க நேரத்துக்கு நைட் ஷிஃப்ட். இன்னொன்று பேனல் போர்டு செய்கிற ஒரு சிறிய நிறுவனம். சம்பளம் குறைவு, காலை ஒன்பதுக்குப் போனால் சாயங்காலம் ஆறுக்கு வீடு. எங்களைக் கேட்காமலே பெரிய சம்பளத்துக்கு வேண்டாம் என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டுத்தான் சொன்னாள். கணக்கு டீச்சர் மனம் சும்மா இருக்குமா? இரண்டு சம்பளத்துக்கும் இடையே வருடத்துக்கு எவ்வளவு வித்தியாசம் என்று உடனே கணக்குப் போட்டது. உறவுக்காரர்கள் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நோய் போய்விடவில்லை, போய்விடும் என்று எந்த டாக்டரும் எங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. இன்னொரு ஏற்றமோ இறக்கமோ வரலாம். வந்தால் அதை முதலில் கண்டுபிடிக்கப்போவது நானோ அவள் அப்பாவோ டாக்டரோ அல்ல, அவள்தான். கல்லூரியில் அவள் படித்தவற்றில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அதுதான்.